அனிகட்

நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆங்கில வரைபடங்களில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சிறு கோடு கிழித்து ‘அனிகட்’ என்று எழுதியிருக்கும். இஞ்சினியர்மார் வாயில் அது சுத்த ஆங்கிலமாகவே ஒலிக்கும். நம்முடைய ‘அணைக்கட்டு’தான் அது.

1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதைத் தமிழ்த் தொகைச்சொல் என்றே பதிந்திருக்கிறது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் மீது எனக்குத் தனிப் பிரியம். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். வழக்குக் கேட்ட நேரம் போக, அரண்மனையில் கிடந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டார், சொற்களைத் தேடினார். 1882இல், நாற்பத்திரண்டு வயதில் காலமானார். அகராதி அச்சாகி வந்ததைப் பார்க்கவில்லை. காவிரித் தண்ணீரில் விளையும் ஊரில் இருந்தவருக்கு இந்தச் சொல்லின் பெறுமதி தெரியாமலா இருந்திருக்கும்?

கல்லணையைத்தான் வெள்ளைக்காரர் ‘கிராண்ட் அனிகட்’ என்றார்கள். ஆழமான ஆற்றுமணலில் அத்திவாரம் நிற்கும் விதத்தை அதனிடம் படித்த ஆர்தர் காட்டன், 1836இல் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டினார். பிறகு கோதாவரிக்குப் போனார். அவர் கட்டியவை தண்ணீரைச் சேமிப்பவையல்ல, திருப்பி விடுபவை.

இந்த வேறுபாட்டை எனக்கு விளங்கப்படுத்தியவர் வாப்பா. வட்டைக்குப் போகும் வழியில் ஓர் அணையடியில் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: “மறிச்சி வெச்சிக்கிறது குளம், மகன். மட்டத்த உசத்தி வாய்க்காலுக்குத் திருப்பி உடுறது அணை. மிச்சம் மேலால வழிஞ்சி போகணும். கீழ்வட்டைக்காரனும் வெள்ளாமை செய்யணுமே.” வக்கடை வெட்டும்போதும் அதே நியாயம்தான் பேசுவார். தன் வயல் நிறைந்ததும் அடுத்தவன் பக்கம் திறந்துவிடாமல் வீட்டுக்கு வரமாட்டார்.

இலங்கைப் பொறியியல் ஆங்கிலம் இந்தக் குறுகிய பொருளை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது: அனிகட் என்றால் வழிந்தோடும் தாழ்ந்த அணை. நாமோ 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி தண்ணீரைத் தேக்கும் சேனாநாயக்க சமுத்திரத்தின் இங்கினியாகலை அணையையும் அணைக்கட்டு என்கிறோம், ஓடைக்குக் குறுக்கே இடுப்பளவு நிற்கும் கொங்கிரீட்டையும் அணைக்கட்டு என்கிறோம். தண்ணீர்ப் பங்கீட்டுக் கூட்டத்தில் இந்தக் குழப்பம் சிறியதல்ல. எந்த இடத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், எந்த இடத்தில் போக வேண்டும் என்பதுதான் அங்கே வழக்கே.

நீர்ப்பாசனப் படிவங்களைத் தமிழில் எழுதும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். தேக்குவதற்குக் குளக்கட்டு, நீர்த்தேக்கம் என்ற சொற்கள் இருக்கின்றன. அணைக்கட்டைத் திருப்பி விடுவதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.