வேலிக்குள் கிடக்கும் 90 ஏக்கர்

மகள் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் கெய்ன்ஸ்வில் நகரம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கிறது. போன வருடம் மூன்று வாரம் அங்கே தங்கியிருந்தேன். ஒருநாள் காலை நடை போனபோது, ஊருக்கு நடுவிலேயே கம்பிவேலி போட்டுப் பூட்டிய வெற்று நிலம் கண்ணில் பட்டது. "பழைய மரக் கம்பெனி இடம்ப்பா. மண்ணு கெட்டுப்போச்சு" என்றாள் மகள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1916 முதல் 2009 வரை அங்கே மின்கம்பங்களுக்கும் ரயில் கட்டைகளுக்கும் மருந்தேற்றினார்கள். பெரிய இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கி, அழுத்தம் கொடுத்து மருந்தை உள்ளே செலுத்தினால் கரையானும் பூஞ்சாணமும் அண்டாது. ஆரம்பத்தில் கிரியோசோட் என்ற நிலக்கரித் தார் எண்ணெய். பிற்காலத்தில் பென்டாகுளோரோபீனாலும், தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவையும் வந்தன. (இந்தக் கலவையை 1930-களில் உருவாக்கியவர் நம் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொந்தி காமேசன். கரையானை அடக்குவதில் கெட்டிக்கார மருந்துதான், சந்தேகமில்லை.) மருந்தேறிய கட்டையை வெளியே இழுத்துப் போட்டால் சொட்டும். கழிவு குட்டையில் தேங்கும். 90 வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தால் மண் என்ன ஆகும்?

1980-களில் அந்த இடத்தை, நாட்டின் மிக மோசமான மாசு இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்த்தார்கள். சுத்தம் செய்யும் திட்டம் முடிவானது 2011-ல்தான். பக்கத்து வீட்டுத் தோட்டங்களின் மண்ணைக்கூடச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட வேண்டியதாயிற்று.

அரசு அறிக்கைகளை மகள் கணினியில் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நச்சு எங்கிருந்து கிளம்பியது என்று நான்கு இடங்களைத் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள்: மருந்தேற்றும் கூடம், கட்டை சொட்டிய தண்டவாளப் பகுதி, இரண்டு கழிவுக் குட்டைகள். ஒவ்வொன்றிலும் மேல்மண் தனி, ஆழத்து மண் தனி. கலப்பதே இல்லை.

நாம் என்ன செய்கிறோம்? வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் வி வடிவக் குழி வெட்டி, அரை அடி ஆழ மண்ணை எடுத்து ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோ அனுப்புகிறோம். உரப் பரிந்துரைக்கு அதுதான் சரி. ஆனால் ஒரு மூலையில் நச்சு இருந்தால், மற்ற மூலைகளின் நல்ல மண் அதை மறைத்துவிடும். எருக்குழி, வரப்பு ஓரம் எல்லாம் வேண்டாம் என்று நானே 28 வருடமாகச் சொல்லி வருகிறேன். நச்சைத் தேடுபவர் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும்.

தண்ணீர் கதை இன்னும் மோசம். கிரியோசோட் தண்ணீரைவிடக் கனமானது, மிதக்காது. மணல் வழியாக இறங்கிக் களிமண் மேல் தங்கி, விரிசல் கிடைத்தால் மேலும் இறங்கும். கெய்ன்ஸ்வில்லில் அந்தக் களிக்குக் கீழேதான் சுண்ணாம்புப் பாறை நீர். ஊரின் குடிநீர்க் கிணறுகள் சுமார் 3 கிலோமீட்டரில் அதே பாறையிலிருந்துதான் இறைக்கின்றன. சோதனைக்குப் போடும் துளையே எண்ணெய்க்கு வழி காட்டிவிடும் என்பதால், களியைத் தாண்டும் இடத்தில் குழாய் இறக்கிச் சுற்றிலும் அடைத்துவிட்டுத்தான் மேலே துளைப்பார்கள்.

இப்போது என் கதை. நான் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு விவசாயி கேட்டார்: "சார், மூடிக் கிடக்கிற மரப் பட்டறை இடம் ரெண்டு ஏக்கர் சல்லிசா வருது. கம்பத்துக்கு மருந்து முக்கின இடமாம். மண்ணு தேறுமா?" மண்வள அட்டையைப் பார்த்தேன். கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல் எல்லாம் சரி. தாமிரம் மட்டும் ஏகத்துக்கு அதிகம். போதுமான அளவு இருக்கிறது என்று கடந்துவிட்டேன். "தாராளமா வாங்குங்க" என்றும் சொல்லிவிட்டேன். அந்த அட்டையில் ஆர்சனிக்குக்கு இடமே இல்லை.

அன்று இரவு பத்து மணிக்கு, இங்கே காலை ஏழரை, அவரைப் போனில் பிடித்தேன். "அண்ணே, நான் சொன்னது தப்பு. பத்திரம் முடிஞ்சுதா?" அட்வான்ஸ் மட்டும் கொடுத்திருந்தார். அங்கே வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் கூட்டிப்போய், தொட்டி எங்கே, கட்டை அடுக்கியது எங்கே என்று கேட்கச் சொன்னேன். அந்த இடங்களில் மேலே அரை அடி, கீழே இரண்டடி என்று தனித்தனிப் பையில் மண். கிணற்றுத் தண்ணீர் தனி. கன உலோகம் பார்க்கும் ஆய்வகத்தில் ஆர்சனிக், குரோமியம், தாமிரம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"காய்ச்சிக் குடிக்கலாமா சார்?" என்றார். கூடாது. காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், ஆர்சனிக் குறையாது. நெல்லும் வேண்டாம், தண்ணீர் நிற்கும் வயலில் ஆர்சனிக் கரைந்து பயிருக்குள் ஏறும். அங்கே கிடக்கும் பழைய கட்டைகளை எரித்துச் சாம்பலை எருவாகப் போடுவதாக இருந்தார். அதையும் நிறுத்தச் சொன்னேன்; ஆர்சனிக் சாம்பலில் இன்னும் செறிந்துவிடும்.

பட்டறையில் கூலி வேலை பார்த்த ஒரு பாட்டிதான் தொட்டி இருந்த இடத்தைக் காட்டினாராம். இப்போது அங்கே ஆளுயரத்துக்குச் சீமைக்கருவேலம். நான்கு பை மண்ணும் ஒரு பாட்டில் தண்ணீரும் ஆய்வகத்துக்குப் போயிருக்கின்றன. முடிவு வரும்வரை பத்திரப் பதிவைத் தள்ளிவைக்க விற்பவரும் சம்மதித்திருக்கிறார்.