12 வோல்ட்தானே, என்ன செய்யும்?



பசறை ரோட்டிலும் ஹாலி எல பக்கமும் ஓடுற த்ரீவீல்களில் இப்போது செட் இல்லாதது குறைவு. குறை சொல்ல வரவில்லை. நாள் முழுக்க தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடுற பிள்ளைகளுக்குப் பாட்டுத்தான் துணை. (சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, அது வேறு கதை.)

போன வாரம் என்னிடம் படித்த ஒரு தம்பி புது அம்ப் பூட்டிய த்ரீவீலைக் காட்ட வந்தான். லீசிங் இன்னும் முடியவில்லை. காலையில் அதே வண்டியில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறான். பார்த்தால், பெட்டரியிலிருந்து அம்ப்புக்குப் போயிருப்பது வீட்டு லைட்டுக்கு இழுக்கும் 1/1.13 வயர். பியூஸ் எங்கே என்றேன். "அம்ப்லயே இருக்கு சேர். 12 வோல்ட்தானே, ஷொக் அடிக்காது" என்றான்.

ஷொக் அடிக்காது, உண்மை. ஆனால் எரிக்கும். சாதாரண தரத்தில் படித்த கணக்குதான்: வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர். 300 வாட்ஸுக்கு வீட்டு 230 வோல்ட்டில் 1.3 அம்பியர் போதும். 12 வோல்ட்டில் 25 அம்பியர் ஓடும். வயரைச் சூடாக்குவது அந்த அம்பியர்தான்.

பெட்டியில் அடித்திருக்கும் "2000 வாட்ஸ்" எல்லாம் விளம்பரம். அம்ப்பில் குத்தியிருக்கும் பியூஸைப் பாருங்கள். 30 என்றிருந்தால் அசல் செம்பு 8 கேஜ் வயர் போடுங்கள். மலிவாகக் கிடைப்பது செம்பு பூசிய அலுமினியம்; சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதுதான் கிடைக்கிறது என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். பொடியில் பூட்டும் ஏர்த் வயரும் அதே தடிப்பு, பெயின்டைச் சுரண்டிவிட்டு.

இனி முக்கியமான விஷயம். அம்ப்பில் உள்ள பியூஸ் அம்ப்பை மட்டும்தான் காக்கும். தோட்ட ரோட்டில் குலுங்கிக் குலுங்கி, நடுவில் வயர் தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், பெட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் அந்த இடத்தில் கொட்டும். அம்ப் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் பெட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒன்றரை அடிக்குள் இன்னொரு பியூஸ் கட்டாயம். இந்த வயருக்கு 40 அம்பியர். வயர் தகட்டுத் துளையில் நுழையும் இடத்துக்கு ரப்பர் வளையம். பியூஸ் போனால் செப்புக் கம்பி சுற்றுகிற வேலை வேண்டாம். கை வைக்கும் முன் பெட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியாக மாட்டுங்கள்.

ஏற்கனவே பூட்டியவர்கள் பதினைந்து நிமிடம் சத்தமாக ஓடவிட்டு, நிறுத்தி, வயரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், மாற்றும் வரை அம்ப்பைக் கழற்றி வையுங்கள். பதுளை டவுனில் நல்ல செம்பு வயர் எந்தக் கடையில், என்ன விலை என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தம்பிக்கும் வேண்டும்.