பிரண்டைக்குப் பட்டா தேவையில்லை

எங்கள் வீட்டுக்கு வரும் மாணவத் தோழர்கள் மாடிப்படியில் ஏறும்போதே கேட்கிற கேள்வி இது: "இது என்னக்கா, கள்ளியா?" படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி முழுக்கப் படர்ந்து, போக இடமில்லாமல் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருப்பது பிரண்டை. கள்ளி மாதிரி சதைப்பற்றுள்ள தண்டு இருந்தாலும் அது கள்ளி இனமில்லை. திராட்சைக் குடும்பத்துக் கொடி. வேர் பிடித்திருப்பது ஒரு பழைய பெயின்ட் டப்பாவில்.

நான்கு பட்டையாக, கணுக்கணுவாக இருக்கும் அந்தப் பச்சைத் தண்டுதான் இதன் உயிர். கணுவில் ஒரு பக்கம் இலை, எதிர்ப்பக்கம் பற்றுக்கம்பி. வெயில் கடுமையானால் இலையை உதிர்த்துவிடும். தண்டே உணவு தயாரித்துக்கொள்ளும். பகலில் மூச்சுத்துளைகளை மூடி ஈரத்தைக் காத்து, இரவில் திறந்து காற்றை வாங்கிச் சேமிக்கும். கிடைக்கிற நேரத்தில் கிடைத்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டு வறட்சியைத் தாண்டும் வித்தை இது. எங்கள் ஆயாவுக்கும் இந்த வித்தை தெரிந்திருந்தது.

வளர்ப்பதில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று கணுவுள்ள முற்றிய தண்டாக ஒடித்து, வெட்டுவாய் காயும்வரை இரண்டு நாள் நிழலில் போட்டுவையுங்கள். செம்மண்ணும் மணலும் சரிபாதி, கொஞ்சம் மக்கிய எரு. அடியில் ஓட்டை போட்ட எந்த டப்பாவும் போதும். ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். பிரண்டை தாகத்தால் சாவது அபூர்வம். தண்ணீர் தேங்கி அழுகித்தான் சாகும். நல்ல வெயிலும், பற்றிக்கொள்ள ஒரு கம்பியோ கயிறோ இருந்தால் போதும்.

எட்டு ஆண்டுகளில் நாங்கள் ஐந்து வீடுகள் மாறியிருக்கிறோம். ஒருமுறை வாடகை உயர்ந்தது, ஒருமுறை வேலை மாறியது. மற்ற முறைகளில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். முன்பணம் வரை பேசி முடித்த பிறகு "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" என்று விசாரணை வரும். மறுநாள் "வீட்டைச் சொந்தக்காரங்களுக்கே குடுக்கறதா முடிவு பண்ணிட்டோம்" என்று தொலைபேசி வரும். 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டியிருக்கும் தெருக்களில் அந்தக் கேள்விகூடத் தேவைப்படுவதில்லை. சாதி பார்த்துத்தான் மறுத்தார் என்பதை நிரூபிக்க நம் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

ஒவ்வொரு முறையும் தொட்டிச் செடிகளை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். பிரண்டையை மட்டும் நாலு கணு ஒடித்து, செய்தித்தாளில் சுற்றிப் பாத்திர மூட்டையில் செருகிவிடுவோம். பத்து நாள் மூட்டையிலேயே கிடந்தாலும் புது வீட்டில் துளிர்க்கும்.

இந்தச் செடி நம் சேரிகளில் எங்கே வளர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். வயலில் இல்லை, தோட்டத்திலும் இல்லை. வேலியில், குட்டிச்சுவரில், ஏரிக்கரைப் புதரில். நிலமில்லாதவர்களின் காய்கறிப் பட்டியலே அப்படித்தான் அமைந்தது: பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, கோவைக்காய் எல்லாம் வேலியில் படர்பவை. வேலிக்கு உள்ளே விளைந்தது ஆண்டைக்கு. வேலிமேல் படர்ந்தது நமக்கு.

இது இயற்கை வகுத்த பங்கீடு இல்லை. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, நம் மக்களுக்குச் சொந்த நிலமும் குடியிருக்கும் மனையும்கூட மறுக்கப்பட்டிருப்பதை அரசின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான உத்தரவு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு அந்த நிலங்கள் தரப்பட்டன. அந்த நிபந்தனையை மீறி அவை எப்படிக் கைமாறின என்பதை ஒவ்வொரு ஊரும் சொல்லும். மீட்கக் கேட்டு 1994இல் காரணையில் கிளம்பிய போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள்.

எங்கள் ஆயா பிரண்டை ஒடித்து விற்றிருக்கிறார். பார்ப்பன வீடுகளில் திதிச் சமையலுக்குப் பிரண்டைத் துவையல் முக்கியம். அமாவாசைக்கு முந்தைய நாள் மடியில் கட்டி எடுத்துக்கொண்டு போவார். கொல்லைப்புறக் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். "அங்கயே வச்சிட்டுப் போ" என்று உள்ளேயிருந்து பதில் வரும். காசு திண்ணை விளிம்பில் இருக்கும். பிரண்டைமேல் தண்ணீர் தெளித்து எடுத்துப்போவார்கள். ஆயா ஒடித்த பிரண்டை அவர்களின் முன்னோர் இலைவரை போகும்; ஆயா கொல்லைக்கதவைத் தாண்ட முடியாது. இதைச் சொல்லும்போது ஆயா கோபப்பட மாட்டார், சிரிப்பார். எங்களால் இன்றுவரை சிரிக்க முடியவில்லை.

ஆயாவின் இன்னொரு பிரண்டைக் கதை முழங்காலைப் பற்றியது. நாற்பது வருடம் சேற்றில் குனிந்து நட்ட முழங்கால். வலி தாங்காதபோது பிரண்டையை நசுக்கி, வதக்கி, சூட்டோடு துணியில் கட்டிக்கொள்வார். எலும்பு முறிந்தால் பிரண்டைப் பற்றுப் போடுவது பழைய வழக்கம்; இந்தியில் இதன் பெயரே 'ஹட்ஜோட்', எலும்பை இணைப்பது. இப்போது அங்காடிகளில் பொடியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. டப்பாமேல் 'பாரம்பரிய ஞானம்' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

யாருடைய பாரம்பரியம் என்று நாம் கேட்க வேண்டும். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஆயா ஏன் பிரண்டையைக் கட்டிக்கொண்டார்? ஊரில் மருத்துவமனை இல்லை, இருந்த டாக்டரிடம் போகக் கூலிக் காசு போதாது. அது விரும்பித் தேர்ந்த வைத்தியமில்லை. ஆகவே 'அந்தக் காலத்துல எவ்வளவு ஆரோக்கியமா இருந்தோம்' என்ற ஏக்கத்தில் எங்களால் சேர முடியாது. கிராமம் என்பது குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் குகை என்பதை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே எடுத்துச் சொல்லிவிட்டார். ஆயாவின் அறிவை மதிப்போம். அந்த அறிவைத் தேட வைத்த வறுமையைக் கொண்டாட மாட்டோம். உங்களுக்கு எலும்பு முறிந்தால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

துவையல் வேறு விஷயம்; அதை நாங்கள் ருசிக்காகவே செய்கிறோம். நுனியிலிருந்து இளந்தண்டாக மட்டும் ஒடியுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அரிக்கும். தண்டுக்குள் ஊசி மாதிரி நுண்ணிய ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. நான்கு பட்டையிலும் நாரை உரித்து, கணுவை நீக்கிச் சிறிதாக நறுக்கி, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை நிதானமாக வதக்க வேண்டும். அவசரப்பட்டால் நாக்கு அரிக்கும். தனியாக வறுத்த உளுந்து, காய்ந்த மிளகாய், பூண்டு, தாராளமாகப் புளி, உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் போதும். சுடுசோற்றில் பிசைந்து, தொட்டுக்கொள்ளக் கருவாடு வைத்துச் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். திதிச் சமையல்காரர்கள் மன்னிக்கட்டும்.

நலத்துறை விடுதியில் தங்கிப் படிக்கும் தோழர்கள் ஆளுக்கொரு தண்டு வாங்கிப்போயிருக்கிறார்கள். ஜன்னல் கம்பியில் படர்ந்திருப்பதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நீங்களும் வாருங்கள், வேண்டியமட்டும் ஒடித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகும்போது ஒரு வேலையும் சேர்த்துக் கொடுக்கிறோம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால், வீட்டில் மூத்தவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பிரண்டை எந்த வேலியில் ஒடித்தீர்கள்? அந்த வேலிக்குள் இருந்த நிலம் முதலில் யார் பெயரில் இருந்தது? சர்வே எண் கிடைத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அந்த நிலத்தின் பழைய வருவாய்ப் பதிவேடுகளைக் கேளுங்கள். அதில் 'பஞ்சமி' என்றோ 'டி.சி. நிலம்' என்றோ ஒரு குறிப்பு இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். அதன் பிறகு மனு எழுத உட்காருவோம்.