ஆட்டமும் பிழையும்

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் திண்ணைக் கல்லிலே கோடு கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடுவோரை நான் இளமை முதலே கண்டிருக்கிறேன். புலிகள் 3, ஆடுகள் 15. ஓர் ஆட்டின் பின்னிடம் வெற்றிடமாயின், புலி அதனைத் தாண்டி வெட்டிவிடும். ஆதலின் ஆடுகளை வைப்பவன் ஒரு கணம் அயர்ந்தாலும் இழப்பு நேரும். அப்பொழுது, "நான் பார்க்கவில்லை, காயைத் திருப்பித் தா" என்று பூசலிடும் சிறுவரும் உளர், "எவ்விடத்தை வெறுமையாக விட்டேன்?" என்று ஆராயும் சிறுவரும் உளர். பின்னவரே நாளடைவில் ஆட்டத்தில் வல்லவராயினர்.

மாணவர்களே! பிழை சிறுவர்க்கே உரியதன்று. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்திற்குரிய 14ஆம் ஆட்டம் நடைபெற்றது. சீன நாட்டு வீரர் டிங் லிரனும், சென்னையைச் சார்ந்த 18 வயது இளைஞர் குகேசும் அதுவரை சம வெற்றி எண்ணுடன் இருந்தனர். அவ்வாட்டமும் சமனாகவே முடியும் எனக் கண்டோர் பலரும் எண்ணினர். 55ஆம் நகர்த்தலில் டிங் தம் கோட்டைக் காயைத் தகாத கட்டத்தில் வைத்தார். பல மணி நேரம் காத்த நிலை அந்த ஒரு நகர்த்தலால் சரிந்தது. சிறிது நேரத்தில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேசு உலக வீரரானார்.

டிங் எவர்மீதும் பழி சுமத்தவில்லை. முடிவு நியாயமானதே என்றார். குகேசும் எள்ளி நகையாடவில்லை. டிங்கை மெய்யான வீரர் எனப் போற்றினார். வைத்த காயை மீட்டல் உலக வீரர்க்கும் இயலாது. தம் பிழையை ஒப்புதலும், பிறர் பிழையை இகழாமையும் நம் அனைவர்க்கும் இயலும். திண்ணையில் ஆடும்போதே அவற்றைப் பழகுமின்!