சிங்கராஜக் காட்டில் இரு பொறுப்பாளர்

பாடசாலை விடுமுறையை எங்கே கழிப்பது என்ற பேச்சு எழுந்ததும், பதினாறு வயது மகன், "காட்டுக்குப் போவோம், அப்பா" என்றான். பதினான்கு வயது மகளும் அதனை ஆமோதித்தாள். தாயார் மட்டும் அட்டையையும் பாம்பையும் எண்ணி அஞ்சினார். "அவ்வாறாயின் ஏற்பாடுகள் யாவும் உங்கள் பொறுப்பே" என்று பிள்ளைகளிடம் கூறிவிட்டேன்.

மகன் சிங்கராஜ வனத்தைத் தெரிவுசெய்தான். 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பெற்ற மழைக்காடு அது. ஆண்டு முழுவதும் மழை காணும் இடமாதலால், மழை சற்றுத் தணியும் ஓகஸ்ட் மாதத்தைக் குறித்தான். மகளோ அட்டை புகாத நீண்ட காலுறை, மாற்றுடை, உலர் உணவு எனப் பட்டியல் எழுதினாள். வழிகாட்டி ஒருவரையும் ஒழுங்குசெய்வித்தாள்.

குடாவ வாயிலூடாகக் காலையிலேயே நுழைந்தோம். பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாய் இரைதேடும் விந்தையைக் கண்டோம். நீல உடலும் செந்நிற அலகுமுடைய பறவையொன்று கிளைவிட்டுக் கிளை தாவிற்று.

நண்பகலில் பெருமழை கொட்டியது. அருவிக்குச் செல்லும் வழியிலிருந்த ஓடை கலங்கிப் பெருகிற்று. "இன்னுஞ் சிறிது தூரந்தானே" என்றேன் நான். வழிகாட்டி தலையசைத்து மறுத்தார். மகன் ஓடையை ஒருகணம் நோக்கி, "திரும்புவோம், அப்பா" என்றான்.

அருவியை நாங்கள் காணவில்லை. ஆயினும், துணிவென்பது நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதுமாகும் என்பதை என் மகனிடம் அன்று கற்றேன். அட்டை கடித்தது எனக்கு மட்டுமே. மகள் தந்த காலுறையை வேண்டாமென்றவனும் நானே!