டர்போ மாறிய சேதியை ஈசியூவுக்குச் சொல்வது

2004இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வண்டிகளில் நல்ல கைகளில் சேர்ந்தவை இன்றும் கோவைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1781 சிசி இன்ஜின், சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன். கம்பெனி பொருத்தி அனுப்பிய கே03 டர்போ சின்னது. சட்டென்று எழுந்துவிடும், 5000 சுற்றைத் தாண்டினால் மூச்சு வாங்கும். அதே மேனிஃபோல்டில், அதே போல்ட்டுகளில் உட்காரக்கூடிய கே04 இருக்கிறது என்று தெரிந்ததும் வண்டிக்காரர்களுக்கு ஆசை வந்துவிடுகிறது. கழற்றி மாட்டுகிற வேலையை நல்ல மெக்கானிக் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அதன்பிறகு, இன்ஜினை நடத்தும் கணினியான கம்பெனி ஈசியூவை அப்படியே வைத்துக்கொண்டு, புது டர்போ தரும் பூஸ்ட்டை, அதாவது காற்றழுத்தத்தை, சொன்ன இடத்தில் நிற்க வைக்கிறோமே, நான் மனதார விரும்பிச் செய்யும் வேலை அதுதான்.

தனி ஈசியூ போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தெருவில் தினமும் ஓடும் வண்டிக்கு எனக்கு அதில் சம்மதம் இல்லை. இதில் இருப்பது போஷ் எம்இ7. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவது, ஏசி போட்டதும் ஐடிலைத் தாங்கிப் பிடிப்பது, நாக்கிங் கேட்டால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் டைமிங்கைக் குறைப்பது என்று அது செய்யும் காரியங்களை ஒரு வாரத்தில் யாரும் புதிதாக எழுதிவிட முடியாது. அது யோசிக்கும் முறையும் அழகானது. மிதியை அழுத்தினால் நேராகத் த்ராட்டிலைத் திறந்துவிடாது. ஓட்டுநர் கேட்பது எவ்வளவு முறுக்குவிசை, அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று படிப்படியாகக் கணக்குப் போட்டு, கடைசியில் என்75 என்ற சின்ன சொலினாய்டு வால்வுக்குக் கட்டளை அனுப்பும்.

அந்த வால்வுக்கு மூன்று வாய்கள். ஒன்று கம்ப்ரஸர் வெளியேற்றத்துக்கு, ஒன்று வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்கு, ஒன்று டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக்குழாய்க்கு. கரண்ட் இல்லாதபோது பூஸ்ட் முழுவதும் ஆக்சுவேட்டரைத் தள்ளும். டர்பைனுக்குப் போகாமல் புகையை வெளியே விடும் வேஸ்ட்கேட் சீக்கிரம் திறந்து, பூஸ்ட் குறைவாகவே நிற்கும். கரண்ட் துடிப்பு கூடக் கூட, ஆக்சுவேட்டருக்குப் போகிற காற்றில் ஒரு பங்கு திரும்பக் காற்றுக்குழாய்க்கே போய்விடும், பூஸ்ட் ஏறும். ஒயர் கழன்றாலும் வால்வு செத்தாலும் வண்டி பலவீனமாக ஓடுமே தவிர இன்ஜின் உடையாது. இப்படி யோசித்து வைத்தவர்களை எப்போதும் மரியாதையோடு நினைத்துக்கொள்வேன். ஸ்வீடனில் சாப் கம்பெனியின் பொறியாளர் பெர் கில்பிராண்ட், நாக்கிங்கைக் கேட்டு சொலினாய்டு வழியாகப் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் ஏபிசி முறையை 1980களின் தொடக்கத்திலேயே தெருவில் ஓடும் வண்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். இன்று நாம் தொடுவதெல்லாம் அந்தப் பரம்பரைதான்.

டர்போவை மாற்றியதும் இந்தக் கணக்குக் குலைகிறது. எந்தச் சுற்றில் எத்தனை சதவீதத் துடிப்புக் கொடுத்தால் எவ்வளவு பூஸ்ட் வரும் என்று ஈசியூவுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. அது கே03க்காக எழுதியது. கே04இன் டர்பைன் கொஞ்சம் பெரியது, எழத் தாமதிக்கும். ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கின் இறுக்கமும் வேறு. கேட்ட அழுத்தம் இன்னும் வரவில்லையே என்று ஈசியூ துடிப்பைக் கூட்டிக்கொண்டே போகும். சுடுதண்ணீர் வரவில்லை என்று கீசர் குழாயைத் திருகிக்கொண்டே போனால் திடீரென்று கொதிநீர் கொட்டுமே, அதேபோல டர்போ எழுந்த நொடியில் பூஸ்ட் எகிறிவிடும். ஓட்டத்தைப் பதிவுசெய்த லாக்கில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்: மூன்றாம் கியரில் 3400 சுற்றில் கேட்டது 1900 மில்லிபார், வந்தது 2250. உடனே ஈசியூ த்ராட்டிலை மூடும், 1600க்கு இறங்கும், மறுபடி எகிறும். ஓட்டுபவருக்கு வண்டி குதிரைபோலத் துள்ளுவதாகத் தோன்றும். இது நீடித்தால் பி0234 என்ற ஓவர்பூஸ்ட் கோடு விழுந்து, வண்டி பலத்தைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் பலர் ஈசியூவை ஏமாற்றத் தொடங்குகிறார்கள். ஹோஸில் ஒரு கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலர், அழுத்த சென்சார் ஒயரில் உண்மை அளவை மறைக்கும் ஒரு பெட்டி. எனக்கு இது பிடிக்காது. அந்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 2.5 பார் வரைதான் படிக்கும். அதற்குள் நடப்பதையாவது அது உண்மையாகச் சொல்லட்டும். காற்று எவ்வளவு வருகிறது என்று தெரியாத ஈசியூவால் பெட்ரோலையும் டைமிங்கையும் எப்படிச் சரியாகக் கொடுக்க முடியும்?

நான் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் கைப் பம்பை எடுப்பேன். ஆக்சுவேட்டர் வாயில் பம்பின் ஹோஸ், அதன் ராடின் நுனியில் டயல் கேஜ். மெதுவாக அழுத்தினால் முள் முதலில் அசையவே அசையாது. ஒரு புள்ளியில் மயிரிழை நகரும். அந்தப் புள்ளியின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்வேன். பிறகு இன்னும் அழுத்தி, ராடு தடையில்லாமல் எவ்வளவு தூரம் போகிறது, விட்டதும் அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பேன். திரும்பி வரும்போது முள் சற்றுத் தள்ளி நின்றால், வேஸ்ட்கேட் மடலின் தண்டு புஷ்ஷில் உரசுகிறது என்று அர்த்தம். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ராடின் லாக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்றுத் திருகினாலே திறக்கும் அழுத்தம் மாறிவிடும். அதனால் திருகுவதும் அளப்பதும் மாறி மாறி நடக்கும். ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கி, குறைந்தபட்ச பூஸ்ட்டையே உயர்த்திவிடுவது கூடாது. ஈசியூ பூஸ்ட்டைக் குறைக்க நினைக்கும்போது குறைக்க இடம் இருக்க வேண்டும்.

அடுத்தது ஹோஸ்கள். இந்த இன்ஜின் சூட்டில் பழசான ரப்பரில் விரல் பட்டாலே வெடிப்புத் தெரியும். என்75இலிருந்து ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போதும், வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தம் குறைவாகப் போய்ப் பூஸ்ட் எகிறும். டர்போவையும் ரீமேப்பையும் குறை சொல்லிக்கொண்டு வந்த வண்டிகளில் இந்த ஹோஸ் பழுதாக இருந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு என்75ஐ விலக்கி, கம்ப்ரஸரிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேர் ஹோஸ் போட்டு டைனோவில் ஓட்டுவேன். வெறும் ஸ்பிரிங்கில் வரும் பூஸ்ட் கோடு மட்டமாக நின்றால் நல்லது. சுற்று ஏற ஏறப் பூஸ்ட்டும் தானாக ஊர்ந்து ஏறினால், வேஸ்ட்கேட் துவாரம் போதவில்லை. ஹவுஸிங்கைக் கழற்றித் துவாரத்தின் விளிம்பைச் சீராக்க வேண்டும். அதற்கு வேறு மருந்து கிடையாது. கோடு சரியானதும் வால்வைத் திரும்ப மாட்டி, ஈசியூ தானாகத் திருத்துவதை நிறுத்தி, நிலையான துடிப்பில் ஓட்டுவேன்: 20 சதவீதம், 30, 40 என்று, எல்லை நெருங்கும்வரை. ஒவ்வொரு ஓட்டத்திலும் சுற்றுக்குச் சுற்று வந்த பூஸ்ட்டை எழுதிக்கொண்டால், புது டர்போவின் குணம் தாளில் தெரிந்துவிடும். அதை வைத்து அந்தப் பழைய அட்டவணையைத் திருத்தி எழுதினால், ஈசியூ முதல் கணிப்பிலேயே இலக்கின் பக்கத்தில் வந்து நிற்கும். திருத்தும் பங்கு சின்னதாகிவிடும். டர்போ எழுகிற நேரத்தில் துடிப்பு எவ்வளவு சேரலாம் என்பதற்கும் ஒரு வரம்பு போடுவேன். லாக்கில் கேட்ட கோடும் வந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து போவதைப் பார்க்கும் சந்தோஷம் குதிரைத்திறன் எண்ணைப் பார்க்கும்போது எனக்கு வந்ததில்லை.

அந்தக் கட்டத்தில்தான் வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்கண்ணா, இன்னுங் கொஞ்சம் ஏத்தலாமுங்களா?" என்று கேட்பார். கம்பெனி கனெக்டிங் ராடு, 9.5க்கு 1 கம்ப்ரஷன், பங்கில் கிடைக்கும் பெட்ரோல் என்று வரம்புகளை எடுத்துச் சொல்வேன். குறைந்த சுற்றில் அதிகப் பூஸ்ட் கொடுப்பதுதான் கனெக்டிங் ராடை வளைக்கும். அதனால் 3500க்குக் கீழே இலக்கைச் சாய்வாக ஏற்றுவேன். மெல்ல எழுந்து மேலே நிற்பதற்காகத்தானே கே04 போட்டது.

கோவையில் முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிட மாட்டேன். மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி ஏற வேண்டும். கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 965 மில்லிபார். 2240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 775 அளவுக்கு இறங்கிவிடும். 1900 என்ற அதே இலக்கை எட்ட, கம்ப்ரஸர் கோவையில் காற்றை இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாக அழுத்தினால் போதும், ஊட்டியில் 2.45 மடங்கு அழுத்த வேண்டும். டர்போ அதற்காகக் கண்மண் தெரியாமல் சுற்றும், வெளியே தள்ளும் காற்றும் கொதிக்கும். எம்இ7க்குள் உயரத்தை உணரும் சென்சார் இருக்கிறது. உயரம் கூடக் கூட இலக்கைக் குறைக்கும் அட்டவணையும் இருக்கிறது. டர்போ மாற்றும் பலர் அதைத் தொடுவதே இல்லை, அல்லது மலையில் பிக்கப் குறையக் கூடாது என்று அழித்துவிடுகிறார்கள். நான் அதைப் புது டர்போவுக்கு ஏற்றபடி எழுதிவிட்டு, லேப்டாப்பை மாட்டியபடியே ஏறுவேன். லேப்டாப் காட்டும் அளவீடுகளில் 115ஆம் பிளாக்கில் கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும், 118இல் வால்வின் துடிப்பு, 020இல் நான்கு சிலிண்டரும் குறைத்துக்கொண்ட டைமிங். குன்னூருக்கு மேல் துடிப்பு 90 சதவீதத்தைத் தொட்டால், உயரத்துக்கான இலக்கை இன்னும் 50 மில்லிபார் இறக்கி எழுதி, அதே ஏற்றத்தை மறுபடி ஓட்டிப் பார்ப்பேன்.