துண்டுச் சீட்டும் டொலர்ச் சம்பளமும்

எங்கள் ஊர்ப்புறங்களில் ஓர் இளைஞனுக்குப் பெண் பேசப் போனால், முதலில் வரும் கேள்வி "தொழில் நிரந்தரமா?" என்பதுதான். எவ்வளவு உழைக்கிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அரசாங்க ஆசிரியனான எனக்கு அந்தக் கேள்வி சிரமம் தரவில்லை. என்னிடம் படித்த ஒரு தம்பிக்கு அது பெரும் சிரமமாகிவிட்டது.

அக்குறணைப் பக்கத்தைச் சேர்ந்த அவர் பேராதனையில் கணினிப் பொறியியல் படித்தவர். வெளிநாட்டுக் கம்பனியொன்றின் மென்பொருள் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறார். மூன்று மாத ஒப்பந்தம். முடிந்தால் இன்னொரு மூன்று மாதம். இப்படியே ஒரே செயற்றிட்டத்தில் ஐந்து வருடங்கள் கழிந்துவிட்டன. டொலரில் வரும் வருமானம் என் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. ஆனால் வீடு கட்ட நிதி வசதி கேட்டு வங்கிக்குப் போனால், காட்டுவதற்கு நியமனக் கடிதமும் இல்லை, சம்பளச் சிட்டையும் இல்லை.

"கொழும்பில நிரந்தர வேலையொன்று வந்திருக்கு சேர். சம்பளம் பாதிதான். போகவா?" என்று கேட்டார்.

இருவருமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நிரந்தர ஊழியரென்றால் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னுமொரு 3 வீதம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். ஐந்து வருடம் உழைத்த இவருக்கு இவற்றில் ஒன்றுமில்லை.

இது இவருடைய பிரச்சினை மட்டுமல்ல. மைக்ரோசொஃப்ட் கம்பனியில் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், வேறு நிற அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நிரந்தர ஊழியர்களின் பக்கத்திலிருந்து வருடக்கணக்கில் அதே வேலையைச் செய்தார்கள். 1992இல் தொடுக்கப்பட்ட வழக்கு, 2000ஆம் ஆண்டில் 9 கோடியே 70 இலட்சம் டொலர் கொடுக்கும் இணக்கத்தோடு முடிந்தது. அதே காலத்தில், தற்காலிக ஊழியர் ஒரு வருடம் வேலை செய்தால் நூறு நாள் விலகியிருக்க வேண்டுமென்று கம்பனி விதி செய்தது. வழக்குக்குப் பயந்து, வேலை தெரிந்த ஆளையே வெளியே அனுப்புகிற விதி அது. நீண்ட செயற்றிட்டத்தில் எந்தப் பகுதி ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற விபரம் பாதிக்கு மேல் எழுதியவரின் தலைக்குள்தான் இருக்கிறது. ஆள் போனால் அதுவும் போய்விடும்.

ஆளை இருத்தி வைக்க இந்தக் கண்டிச் சீமை ஒரு காலத்தில் வேறு வழி கண்டுபிடித்தது. தோட்டத் தொழிலாளி முற்பணம் என்ற கடனோடுதான் மலையேறினார். அந்தக் கடன் எவ்வளவென்று எழுதிய 'துண்டு' இருந்தது. அதைப் புதிய துரை அடைத்தால்தான் கங்காணியின் ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போகலாம். கடன் ஏறிக்கொண்டே போனது. 1921இல் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கட்டிப்போடுவதை இருத்தி வைப்பது என்று சொல்ல முடியாது. இன்றும் கடைசி மாதக் கொடுப்பனவைப் பிடித்து வைக்கிறவர்களும், விலகினால் தண்டம் என்று எழுதி வாங்குகிறவர்களும் அந்தத் துண்டின் வாரிசுகள்தாம்.

"அப்படியென்றால் இவ்வளவு காலம் ஏன் இருந்தீங்க தம்பி? டொலருக்காகவா?" என்று கேட்டேன்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயையும் தாண்டியதை நாம் மறக்கவில்லை. டொலரில் சம்பளம் வாங்குவோரை அது தூக்கிவிட்டது உண்மை. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அவருடைய குழுத் தலைவி இங்குள்ள மின்வெட்டு அட்டவணையைக் கேட்டு வாங்கி, கூட்டங்களின் நேரத்தை அதற்கேற்ப மாற்றினாராம். அந்த மாதமும் கொடுப்பனவு ஒரு நாள்கூடப் பிந்தவில்லையாம். "என்னை ஆளாக நினைச்சாங்க சேர்" என்றார்.

அப்படி நினைக்கிறவர்களிடம் வாய் திறந்து கேட்கலாம் என்றேன். மூன்று மாதத்துக்குப் பதிலாக ஒரு வருட ஒப்பந்தம். நீடிப்பதா இல்லையா என்பதை முடிவுக்கு மூன்று மாதம் முன்னரே அறிவித்தல். செயற்றிட்டம் நிறைவேறும்போது ஒரு தொகை. வேலையைப் பழக்கிவிட இரண்டாவது ஆளொருவர். நான்கையும் எழுதி அனுப்பினார். தொகையை மட்டும் மறுத்துவிட்டார்கள். மற்ற மூன்றுக்கும் சம்மதித்தார்கள். ஒரு வருட ஒப்பந்தக் கடிதத்தோடு மீண்டும் வங்கிக்குப் போகவிருக்கிறார். கொழும்பு வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டார். சேமலாப நிதிக்குப் பதிலாக, மாத வருமானத்தில் ஐந்திலொன்றைத் தானே ஒதுக்கி வைக்கத் தொடங்கியிருக்கிறார்.

இப்போது அந்த இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கள் பாடசாலையில் படித்து, பேராதனையில் இறுதி வருடத்தில் இருக்கும் ஒரு பிள்ளையின் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.